பல் போலீஸ்

"வீட்டுல யாரோ குழந்தைக்கு ராத்திரியில இனிப்பு குடுக்கறீங்க," என்றார் பல் டாக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே.

நர்சம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று.

பள்ளிக்கூடத்து நர்ஸ் அவள். வகுப்பு வகுப்பாகப் போய்ப் பல்லைக் காப்பது எப்படி என்று பாடம் நடத்துபவள். பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் பல் போலீஸ். அவள் தலையைக் கண்டாலே சாக்லேட்டுகள் பைக்குள் பதுங்கிவிடும். பள்ளியில் நடக்கும் பல் பாதுகாப்புக் கூட்டங்களுக்கு வந்து பேசுகிறவர் இதே டாக்டர்தான். போலீஸ் வீட்டிலேயே திருட்டு என்றால் மானம் கப்பலேறாதா?

"வாய்ப்பே இல்ல டாக்டர். தினம் ராத்திரி நானே பக்கத்துல நின்னு தேய்க்க வைக்கறேன்."

"தேய்க்கறது சரி சிஸ்டர். தேய்ச்சதுக்கப்புறம்? தூங்கறப்ப எச்சில் கம்மியாத்தான் ஊறும். இனிப்பு விடிய விடிய பல்லுலயே கிடந்து எனாமலை அரிச்சுடும். இது பால்பல்லும் இல்ல, போனா மறுபடி முளைக்காது. இப்ப அடைச்சு விட்டிருக்கேன். இனிப்பை நிறுத்தலைன்னா அடுத்த தடவை பிடுங்க வேண்டியதுதான்."

பேத்தியின் பக்கத்தில் நின்றிருந்த மாமனார் குனிந்து அவள் தலையைத் தடவிவிட்டு நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"நான்தான் டாக்டர். படுக்கறப்ப ஆசையா ஒரு மிட்டாய்..."

வீடு வந்ததும் நர்சம்மா கதவைச் சாத்தியதுதான் தாமதம்.

"ஏன் மாமா, ஊர்ப் பிள்ளைங்ககிட்ட நான் தொண்டை கிழியக் கத்தறேன். இங்க வேலியே பயிரை மேயுதா?"

"தப்புதாம்மா."

"செல்லம் குடுக்கறேன்னு அவ பல்லுக்கே உலை வெச்சுட்டீங்க. இனிமே பாப்பா உங்க ரூம்ல படுக்க வேண்டாம்."

மாமியார் காலமான பிறகு அந்த அறையில் அவருக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை பேத்திதான். அது நர்சம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும், கோபத்தில் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். போர்வையை அவரே மடித்து எடுத்து வந்து கொடுத்தார்.

"கால்ல நல்லா சுத்தி விடும்மா. உதைச்சுத் தள்ளிடுவா."

அன்று சாப்பாடு முடிந்தது. பல் தேய்த்தாயிற்று. அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து மகள் 'ஈ' என்று காட்டினாள். நர்சம்மா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, பசியெடுப்பதற்காகத் தினமும் படுக்கும் முன் கொடுக்கும் டானிக்கை ஸ்பூனில் ஊற்றினாள். அது பாகு மாதிரி கெட்டியாக இறங்கியது.

மகள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"என்னடி, அடமா?"

"டாக்டர்தான் வேண்டாம்னாரே. பல் தேய்ச்சப்புறம் நான் சாப்பிடற இனிப்பு இது ஒண்ணுதானேம்மா?"

ஸ்பூன் பாதியில் நின்றது.

"அப்ப... தாத்தா குடுத்த மிட்டாய்?"

"தாத்தா மிட்டாயே குடுத்ததில்ல. நான் டாக்டர்கிட்ட டானிக்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள, 'உங்கம்மாவுக்கு இங்க நல்ல பேரு, நீ சும்மா இரு'ன்னு காதுல சொல்லிட்டுத் தாத்தா முந்திக்கிட்டாரு."