பள்ளத்தோரச் செவப்புக் கொடி

பனிமலையில ஒரு பள்ளத்தோரமா செவப்புக் கொடி ஒண்ணு நின்னுச்சு. புதுப்பனி மூடிட்டா பள்ளம் எது, பாதை எதுன்னு உள்ளூர்க்காரனுக்கே தெரியாது. அதனாலதான் கொடி. ஆனா கொடிக்கு ஒரு மனக்குறை.

"இந்த ரிக்சினைப் பாரேன்"னு காக்காகிட்ட பொலம்புச்சு. "உள்ளூர்ப்பய. தெனமும் சறுக்கிட்டு வர்றான், என்னைக் கண்டதும் சர்ருனு திரும்பிப் போயிடுறான். ஒரு வணக்கம் உண்டா? வெளியூர்க்காரங்கன்னா கட்டிப்புடிச்சுல்ல போட்டோ எடுக்கறாங்க!"

"ஆமாமா, நீதான் மாப்பிள்ளை, அவங்கல்லாம் சம்பந்தி"ன்னுச்சு காக்கா.

அன்னிக்கு ஒரு வெளியூர்க் குடும்பம் சறுக்கப் போயி, விழுந்து விழுந்து இடுப்பைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. "சறுக்கத்தான் வரல, படமாச்சும் எடுப்போம்"னு கொடியைப் புடுங்கிட்டுப் போயி டீக்கடை முன்னால நட்டுச்சு. கொடிக்குத் தலைகால் புரியல.

"டேய் மாப்பிள்ளை, அங்க பள்ளத்துக்கு யாருடா காவல்?"னு காக்கா கத்துச்சு.

"இருப்பா, இன்னும் ஒரே ஒரு படம்."

அப்பத்தான் மேலேருந்து ரிக்சின் வந்தான். செவப்பைக் கண்டதும் திரும்பிக்கலாம்னு அதே வேகத்துல பள்ளத்துப் பக்கமா வந்தான். கொடிக்கு இப்பத்தான் பள்ளம் ஞாபகத்துக்கு வந்துச்சு. ஓடலாம்னா காலு இல்ல. "நில்லுடா ரிக்சினு!"ன்னு துணி கிழியற அளவுக்குப் படபடன்னு அடிச்சுக்கிச்சு.

"ஐய், கொடி நமக்கு டாட்டா காட்டுது!"ன்னு அந்தக் குடும்பம் மொத்தமும் திருப்பிக் கையாட்டுச்சு.

பனியில ரிக்சினைக் காணோம். காக்கா மட்டும் பள்ளத்துக்கு மேல போயி, சத்தமில்லாம வட்டம் போட்டுச்சு.