ஒரு கிலோ வரைக்கும் தாங்கும்

"சொல்லாம கொள்ளாம கைக்குழந்தையத் தூக்கிட்டுப் போயிட்டாளா? எப்போடா?"

தையல் மெஷினின் மோட்டாரை அணைத்துவிட்டு அக்கா கேட்டாள். கூடத்து மேஜையில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான் தம்பி.

"மூணு நாளாச்சுக்கா. வேலை முடிஞ்சு வந்து பார்த்தா வீடு காலி. அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. உங்கிட்ட எந்த முகத்தோட சொல்றதுன்னு தெரியல."

அக்கா சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தம்பியின் வீடு ஒன்றும் தூரத்தில் இல்லை. பின்பக்கச் சந்துக்கு அந்தப் புறம், எதிர்க் கட்டடத்தின் இரண்டாவது மாடி. இரு வீட்டுச் சமையலறைப் பால்கனிகளும் நேருக்கு நேர் இருந்தன. நடுவில் பத்தடிகூட இருக்காது. அந்தப் பக்கத்து ஜன்னல்கள் மூடிக் கிடந்ததை அவள் பார்த்திருந்தாள்தான். வெயிலுக்காக மூடியிருப்பார்கள் என்று விட்டுவிட்டாள். அறுபது பள்ளிச் சீருடைகளை வார முடிவுக்குள் தைத்துக் கொடுத்தாக வேண்டும். விடிந்ததிலிருந்து படுக்கும்வரை அவள் காதில் மெஷின் சத்தம்தான்.

"உங்கிட்ட என்னடா குறை? குடியா, கூத்தா? நாலு மாசக் குழந்தைய வெச்சுக்கிட்டு இப்படிப் பண்ண அவளுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"விடுக்கா. என் தலையெழுத்து."

அக்கா உடனே தம்பி மனைவியின் எண்ணுக்குப் போன் போட்டுப் பார்த்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"அவங்க அம்மாவுக்குப் பேசட்டுமா?"

"வேணாம்கா. இன்னும் அசிங்கமாயிடும். கோபம் தணிஞ்சா தானா வருவா."

அப்போது சமையலறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். கையில் ஒரு செருப்பு டப்பா, அதன் நான்கு மூலையிலும் கட்டிய நூல்.

"அம்மா, இன்னொரு நூல்கட்டை வேணும்."

"இங்க என்ன பேசிட்டிருக்கோம், நீ என்ன கேக்குற?"

"குழந்தைய ஏன்கா திட்டுறே?" என்றான் தம்பி. "என்ன செய்யறீங்க என்ஜினீயரம்மா?"

"லீவுக்கு ஸ்கூல்ல குடுத்த வேலை மாமா. வீட்டுல கிடக்கிற சாமானை வெச்சே செய்யணும். நான் ரோப் கார் செய்யறேன்."

"அப்படியா? எத்தனை பேர் ஏறலாம்?"

"ஆள் ஏற முடியாது. ஒரு கிலோ வரைக்கும் தாங்கும்."

"ரெண்டு மூணு நாளா இதே பைத்தியம்டா இவளுக்கு," என்றாள் அக்கா. "கொடிக்கயிறை அவுத்துட்டுப் போயிட்டா. ஈரத் துணியெல்லாம் நாற்காலி மேல கிடக்குது. எடை ஏத்திப் பார்க்கணுமாம், அதுக்கு ரொட்டி. ஏன்டி, கல்லை வெச்சா உன் கார் ஓடாதா?"

"கல்லு விழுந்தா கீழ போறவங்க மண்டை உடையும்மா."

தம்பி வாய்விட்டுச் சிரித்தான். "பொழைச்சுக்குவா."

மகள் சிரிக்கவில்லை. மெஷின் பெட்டியிலிருந்து ஒரு காலிக் கட்டையை எடுத்துக்கொண்டு அவனருகே வந்து நின்றாள்.

"மாமா, நீங்க சாப்பிட்டு முடிக்க எவ்வளவு நேரமாகும்?"

"ஏன், என்னைத் துரத்துறியா?"

"இல்ல. அதுக்குள்ள எத்தனை தடவை போயிட்டு வருதுன்னு எழுதணும்."

"இருபது நிமிஷம்னு போட்டுக்கோ."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கே அவ அம்மா வீட்டுக்குப் போறேன். நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன். குழந்தையப் பிரிச்சு வெச்சு உன்னை இப்படி நோகடிக்கிறாளே." அவன் மறுத்துப் பேசுமுன் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குள் போனாள்.

அடுப்பின் மேல் காய்ச்சி வைத்த பாலில் பாதியைக் காணோம்.

எரிச்சலோடு பால்கனிக் கதவைத் தள்ளினாள். மகள் கைமாற்றிக் கைமாற்றிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். சந்துக்கு மேலே, அந்தரத்தில், செருப்பு டப்பா மெல்ல ஆடியபடி வந்துகொண்டிருந்தது. கயிற்றின் மறுமுனை எங்கே போகிறது என்று அக்கா அப்போதுதான் கவனித்தாள். அது தம்பி வீட்டுப் பால்கனியில், துணி காயப்போடும் கம்பியில் மாட்டிய ஒரு நூல்கட்டையைச் சுற்றித் திரும்பியது. அது எறிந்து மாட்டியதல்ல. யாரோ பார்த்துப் பார்த்து முடிந்த முடிச்சு.

"அங்க எப்படிடி..."

மகள் உதட்டில் விரலை வைத்தாள்.

டப்பா வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு பால்புட்டி. காலி. ஆனால் ஓரத்தில் நுரை இன்னும் காயவில்லை. புட்டியில் வெதுவெதுப்பு இருந்தது.

அக்கா நிமிர்ந்தாள். எதிர்ப் பால்கனியின் கதவு விரற்கடை அளவு திறந்திருந்தது. இடுக்கில் தம்பி மனைவியின் முகம். கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது. தோளில் குழந்தை.

"வாசக்கதவை வெளியில பூட்டிட்டுத்தாம்மா மாமா வேலைக்குப் போறாரு," மகள் கிசுகிசுத்தாள். "போனையும் பிடுங்கிட்டாராம். அத்தை மறுபடி ஆபீஸ் போறேன்னு சொன்னாங்களாம். அதுக்குத்தான்."

"அக்கா, தண்ணி," என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

"இதோ வரேன்டா."

தன் குரலா அது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தைக் கடந்தாள். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்குவதற்குள் வெளியே வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

இரண்டாவது படியில் நின்று மகள் பக்கம் திரும்பினாள்.

"மூணு நாளா எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். அத்தை வேணாம்னுட்டாங்க," என்றாள் மகள். "நீ அவங்களை நம்ப மாட்டியாம். நேரா மாமாகிட்டத்தான் போய்க் கேப்பியாம்."