மாலை போட்ட பெட்டி

ஆயுத பூஜை வந்தது. மெக்கானிக் வரவில்லை. சிந்துஜா தானே கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து கிராபிக்ஸ் கார்டைக் கழற்றினாள். பார்வை போன அவள் கணவன் பூபதிக்கு, கண்ணில் பொருத்திய கேமரா வழியே உலகத்தைக் காட்டுவது அந்தக் கார்டுதான். கார்டின் சூட்டைக் கடத்தும் காய்ந்த பசையைச் சுரண்டிப் புதிதாகத் தடவி, கார்டைத் திரும்பப் பொருத்திப் பெட்டியை மூடி, சந்தனம் வைத்து, அடர்த்தியாக ஒரு சாமந்தி மாலையும் போட்டாள்.

அரைமணி கழித்துக் காபியை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. பெட்டி இருந்த மூலையையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“ஏனுங்க, நான் இங்கதான் நிக்கறேன்.”

“சத்தம் பக்கத்துல கேக்குது. ஆனா நீ இன்னும் அங்க நின்னு மாலை போட்டுட்டு இருக்கறயே, எப்படி?” ஆச்சரியமாகக் கேட்டான்.

பெட்டியைத் தொட்டாள். சுட்டது. மாலை மின்விசிறியின் வாயை அடைத்திருந்தது. சூட்டில் திணறிய கார்டு, நடந்ததை அவனுக்குத் தாமதமாகக் காட்டிக்கொண்டிருந்தது. கார்டு வெந்துபோனால் அவனுக்கு மறுபடி இருட்டுதான். அழுதுகொண்டே மாலையைப் பிய்த்தெறிந்தாள். விசிறி இரைந்தது, சூடு மெல்ல இறங்கியது, பின்தங்கிய படமும் வேகம் பிடித்தது. அப்பாடா என்று உட்கார்ந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஐயோ, எதுக்கு இப்படி அழுகறே?” என்று பதறி எழுந்தான் பூபதி.

அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.