துடைத்துவைத்த தொட்டி

“ஓடுமா, ஓடாதா? வளவளன்னு இழுக்காம பட்டுனு சொல்லு, மாப்ளே.”

கேட்டவர் குதிரையின் சொந்தக்காரர். பயிற்சியாளருடைய அக்காவின் கணவர். மறுநாள் பருவத்தின் கடைசிப் பந்தயம். குதிரை ஓடுகிறதா, விலகுகிறதா என்று இன்று நண்பகலுக்குள் பந்தயக் கிளப்புக்குச் சொல்லியாக வேண்டும்.

“விலா வேற தெரியுதே?”

“உங்களுக்குத் தெரியாததுக்கும் சேர்த்து அதுக்குத் தெரியுது, அத்தான்.”

அத்தானின் தொந்தி குலுங்கியது. சிரித்து முடித்த பிறகும் அவர் முகத்திலிருந்த கேள்வி நகரவில்லை.

அவர் தயங்குவதில் நியாயம் உண்டு. இந்தப் பருவம் குதிரைகளுக்கு மூச்சுவிட இடம் தரவில்லை. அக்கம்பக்கத்து லாயங்களில் ஒரு குதிரை நரம்பு வீங்கிப் படுத்தது. மற்றொன்று காய்ச்சலில் விழுந்தது. அத்தானின் குதிரையான செவலை மட்டும் வாரம் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஓய்ந்துபோன குதிரையை முழு வேகத்தில் ஓட்டினால் கால் மடியும். மடிந்தால் குதிரையோடு, மேலே இருப்பவனும் போவான். மேலே இருக்கப்போகிறவன் பயிற்சியாளரின் ஒரே மகன்.

ஓட்டாமல் விட்டாலோ கோப்பை போகும். கோப்பையின் பின்னாலேயே குதிரையும் வேறு லாயத்துக்குப் போய்விடும். அத்தான் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. உறவுக்காரர்கள் இப்படிப்பட்டவற்றைச் சொல்லமாட்டார்கள், செய்துவிடுவார்கள்.

“எங்கூட வந்து தொட்டியைப் பாருங்க. பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க,” என்றார் பயிற்சியாளர்.

நீதிக்கதைகளில் வரும் குதிரைகள் வாய் திறந்து பேசிவிடும். அவற்றின் எசமானர்கள் புண்ணியம் செய்தவர்கள். லாயத்தில் நிற்கும் குதிரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதற்குப் பதிலாகத் தீனித் தொட்டிதான் பேசும். குதிரை சளைக்கத் தொடங்கினால், கால் காட்டிக்கொடுக்கும் முன்பே, மூச்சு காட்டிக்கொடுக்கும் முன்பே, தொட்டியில் இரண்டு கைப்பிடி மிஞ்சும். மிஞ்சினால் மறுநாள் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். துடைத்து வைத்திருந்தால் கூட்டலாம். பயிற்சியாளர் நம்பிய வேதம் இவ்வளவுதான்.

செவலையின் தொட்டியில் பல வாரங்களாக ஒரு பருக்கைகூட மிஞ்சியதில்லை. வேகவைத்த பார்லி, கேரட், வெல்லப்பாகு எல்லாம் வழித்தெடுத்தாற்போல் காலியாகியிருக்கும். அவரும் ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே வந்தார்.

அவருக்கிருந்த கவலையெல்லாம் மகனைப் பற்றித்தான். பையனுக்கு எலும்பு முற்றி உடம்பு கனத்துவிட்டது. கிளப் விதித்த எடைக்குள் அடங்குவதற்காக, முட்டையின் வெள்ளைக்கருவும் பாலில்லாத காப்பியுமே அவனுக்கு ஆகாரம். உச்சி வெயிலில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடுவான். கன்னம் ஒட்டிப்போயிற்று, ஆனால் தராசு முள் மட்டும் இறங்குவேனா என்று அடம்பிடித்தது.

“குதிரைக்கு அளந்து அளந்து போடுறீங்க. பெத்த புள்ளைக்கு அளந்து அளந்து புடுங்குறீங்க,” என்று அன்று காலையிலும் மனைவி பொரிந்து தள்ளினாள். அவர் தலையைக் குனிந்தபடி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

லாயத்தை நெருங்குகையில் அத்தானுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. நீ முன்னால் போ என்று கையசைத்துவிட்டு அவர் வேப்பமர நிழலில் நின்றுகொண்டார்.

பயிற்சியாளர் கதவை ஓசைப்படாமல் திறந்தார். தீனி வேளையில் குதிரையைக் கலைக்கக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம்.

செவலை தொட்டியருகே இல்லை. எதிர்ச்சுவரோரமாகத் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது.

தொட்டியருகே முழங்காலிட்டிருந்தவன் மகன்.

இரண்டு கைகளாலும் பார்லியை அள்ளி வாயில் அடைத்துக்கொண்டிருந்தான். மோவாயில் வெல்லப்பாகு வழிந்தது. தகப்பனைக் கண்டதும் மெல்லுவதை நிறுத்தினான். விழுங்கவும் துணியவில்லை, துப்பவும் மனம் வரவில்லை.

“அதுகிட்டேருந்து புடுங்கித் திங்கலப்பா,” என்றான் ஒருவழியாக. “அது மிச்சம் வச்சுட்டு ஒதுங்கிடுது. ரொம்ப நாளாவே.”

பயிற்சியாளர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் நாலைந்து கைப்பிடி இன்னும் கிடந்தது.

காலி என்று நம்பிக் கூட்டிய ஓட்டங்கள் ஒவ்வொன்றாக அவர் கண்முன் வந்தன. குதிரையின் முன்னங்கால்களைப் பார்த்தார். பிறகு மகனின் மணிக்கட்டைப் பார்த்தார். இரண்டிலும் எலும்பு துருத்தித் தெரிந்தது.

வெளியே சரளைக்கல்லில் செருப்புச் சத்தம் நெருங்கியது. அத்தான் பேசி முடித்துவிட்டார்.

‘ஓடாது’ என்ற சொல் பயிற்சியாளரின் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

அவர் கதவை முதுகால் அழுத்திச் சாத்திக்கொண்டார்.

“சீக்கிரம், மிச்சத்தையும் தின்னு முடி,” என்றார் தணிந்த குரலில். “மாமா தொட்டியைப் பார்க்க வர்றாரு.”