முள்ளம்பன்றிப் புத்தகம்

பார்சல் ஒப்படைக்கப்பட்டது என்று காலையிலேயே மொஹ்சினின் போனுக்குத் தகவல் வந்துவிட்டது. கடைக்கு எந்தப் பார்சலும் வரவில்லை.

கூரியர்காரர்கள் இப்படித்தான். கொடுப்பதற்கு முன்பே கொடுத்தாயிற்று என்று தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எப்படியும் சாயங்காலத்துக்குள் வந்துதானே ஆக வேண்டும். மொஹ்சின் கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் பௌர்ணமி, மலையைச் சுற்ற கிரிவலக் கூட்டம் வரும். தெருமுனையில் போலீஸ்காரர்கள் இப்போதே தடுப்பு வைக்கத் தொடங்கியிருந்தார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடைக்கு அந்தக் கூட்டத்தால் ஒரு பிரயோசனமும் கிடையாது, தொந்தரவுதான் ஜாஸ்தி.

உள்ளே அவர் மனைவி ஜீனத் பத்திரிகைகளைக் கவரில் போட்டுக்கொண்டிருந்தாள்.

வர வேண்டியது ஒரு புத்தகம். காகிதத்தை மடித்தே உருவங்கள் செய்கிற ஒரு வெளிநாட்டுக்காரர் பல வருஷம் கழித்துப் போட்டிருக்கும் புத்தகம். அவர் பெயர் மொஹ்சினின் வாயில் நுழையாது. மகன் ஷோயப் சொன்னால் மட்டும் சொந்தக்காரர் பெயர் மாதிரி இருக்கும்.

புத்தகத்தின் அட்டையில் ஒரு முள்ளம்பன்றி. உடம்பு, கால், அத்தனை முள்ளும் ஒரே தாள். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. எப்படி மடிப்பது என்ற படங்கள் உள்ளே இருக்கின்றன. அச்சாவதற்கு முன்பே ஷோயப் அதற்கு ஆர்டர் போட்டு, கடை விலாசத்தையும் அப்பாவின் நம்பரையும் கொடுத்திருந்தான். தினமும் அவர் போனை வாங்கிப் பார்ப்பான். பெண் பார்த்து வைத்திருந்தால்கூட இவ்வளவு துடிக்க மாட்டாய் என்று மொஹ்சின் கிண்டல் செய்வார்.

அவனுக்குப் பொறுக்கவில்லை. அட்டைப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, தானாகவே ஒரு பெரிய தாளை மடித்துப் பிரித்து, மடித்துப் பிரித்து, கோடு கோடாக ஆக்கிக்கொண்டிருந்தான். கடை வேலை இல்லாத நேரமெல்லாம் அதுதான். சில மாதங்களுக்கு முன், முள்ளுக்கு வழி கண்டுபிடித்த அன்று தாளை விரித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

மடிப்பு விழுந்த தாள் பிரஸ்காரனுக்குக் கழிவு. மொஹ்சின் அதை மற்றக் கழிவோடு சேர்த்து கட்டிங் மெஷினில் வைத்து, துண்டுச் சீட்டாக வெட்டிவிட்டார். ஒரு சீட்டில் டீக்கடைக்கு என்ன வேண்டும் என்றுகூட எழுதி அனுப்பினார்.

ஷோயப் திரும்பி வந்து துண்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“பேப்பர்தானேடா, நம்மகிட்ட இல்லாத பேப்பரா?” என்றார் மொஹ்சின்.

மறுநாள் அவன் வீட்டில் இல்லை. போனும் அணைந்திருந்தது.

வேலூர், சென்னை, பெங்களூரு என்று தேடிப் போனார். முதலில் கோபம் இருந்தது. அப்புறம் பயம். பிறகு இரண்டுமே நின்றுவிட்டன. பல் பிடுங்க ஊசி போட்ட மாதிரி, தொட்டால் தெரிந்தது, வலிக்கவில்லை. சாப்பிட்டார், பத்திரிகை அடித்தார், மாப்பிள்ளை வீட்டாரிடம் சிரித்தும் பேசினார். ஜீனத்தும் அழவில்லை. அவளும் தன்னைப் போல மரத்துப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. புத்தகம் கடைக்குத்தான் வரும். அப்பன் முகத்தில் விழிக்கப் பிடிக்காவிட்டாலும் அந்த முள்ளம்பன்றிக்காகவாவது அவன் வந்தே தீருவான். புத்தகம் கப்பல் ஏறியது, சென்னைக்கு வந்தது, ஊருக்குள் வந்தது என்று ஒவ்வொரு தகவலையும் ஜீனத்திடம் வாசித்துக் காட்டினார். அவள் “ம்” என்பாள்.

சாயங்காலம் கூரியர் குமரேசனின் வண்டி தடுப்புக்குப் பக்கத்தில் திணறிக்கொண்டிருந்தது. மொஹ்சின் கைதட்டிக் கூப்பிட்டார்.

“என்னப்பா, குடுக்காமலே குடுத்துட்டேன்னு போட்டிருக்க?”

“காலையிலயே குடுத்துட்டேனே பாய். அடி அண்ணாமலையில. ஷோயப் தம்பிதான் வாங்கிச்சு. அங்கயே நின்னு கவரக் கிழிச்சு, எனக்குக்கூட அந்தப் பன்னிப் படத்தக் காட்டிச்சு.”

அடி அண்ணாமலை. மலைக்கு அந்தப் பக்கம். நாளைக்கு இந்தக் கூட்டம் மொத்தமும் வெறுங்காலோடு நடந்து கடக்கப்போகிற ஊர்.

“கடை விலாசம்தானே போட்டிருந்தது?” மொஹ்சினின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“அக்காதான் முந்தாநாளு போன் பண்ணி அங்க குடுக்கச் சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லலீங்களா?”

போலீஸ்காரர் விசில் அடித்தார். குமரேசன் வண்டியை நகர்த்திக்கொண்டு போய்விட்டான்.

கோபம் வரும் என்று மொஹ்சின் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வரவில்லை. மகன் உயிரோடு இருக்கிறான் என்கிற சந்தோஷமாவது வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை. ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஜீனத்தின் கை பாதிக் கவரில் நின்றிருந்தது. வாசலில் பேசியதெல்லாம் அவளுக்குக் கேட்டிருந்தது.

“உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்” என்றாள்.

மொஹ்சின் தலையாட்டினார். அவளுக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு பத்திரிகையை எடுத்துக் கவரில் செருகினார். இன்னொன்றை எடுத்தார். செருகவில்லை.

“நான் போய் அவனப் பாக்கட்டுமா?”

ஜீனத் கவரின் வாயை மடித்து மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

“கேட்டுச் சொல்றேன்.”