பெருசுக்குப் பின்னால்

"பெருசு கெளம்பிருச்சுல்ல! ஒட்டுனாப்புல பின்னாலயே விடு, ஜோதி!"

ஈஸ்வரபாண்டிக்கு இருப்புக்கொள்ளவில்லை. குமுளிச் சாலையில் ஜீப் ஓட்டுபவன் அவன்; முன்னால் போகும் பஸ்ஸின் வாலைப் பிடித்தே மலையேறிப் பழகியவன்.

"பொறுங்க மாமா," என்றாள் ஓட்டும் இடத்தில் இருந்த அக்கா மகள் ஜோதிகா.

"பயந்தாங்கொள்ளி! நானா இருந்தா இந்நேரம் கம்பமெட்டு மலையே ஏறியிருப்பேன்!"

ஜோதிகாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அந்தப் பெரிய விமானம் கெளப்பிவிட்ட சூறக்காத்து இன்னும் ரன்வேயில சுத்துது மாமா. இப்பப் போனா நம்ம சின்ன விமானத்தக் குப்புறக் கவுத்துரும்."

காற்று அடங்கியதும் கிளப்பினாள். சக்கரம் தரையை விட்டதுதான் தாமதம், ஈஸ்வரபாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டு அலறினான்:

"எறக்கி விட்ரு ஆத்தா! நான் பஸ்ஸு பின்னாலயே ஓடி வந்துருறேன்!"