முதுகு காட்டாத கதிரைகள்

"ஒருத்தரும் எழும்ப வேண்டாம். வேலை செய்யிற மாதிரியே இருங்க," என்றாள் பிசியோதெரபிஸ்ட் தனுஷியா.

அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். யன்னலோரம் கிளறன்ஸ், அலுமாரியை ஒட்டிச் சுபாஷினி, கதவடியில் கணக்காளர் ஹமீட். கொட்டாஞ்சேனையில், துறைமுகச் சரக்குகளுக்குக் கடதாசி வேலை பார்க்கும் சின்ன ஒபிஸ். பின்சுவரில் பெரிய அந்தோனியார் படம்.

தனுஷியாவைத் தலைமை ஒபிஸ் அனுப்பியதே சுபாஷினிக்காகத்தான். கழுத்து வலி தோளுக்கு இறங்கி, இப்போது விரல்களும் விறைக்கத் தொடங்கிவிட்டன.

தனுஷியா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஹமீட் கம்ப்யூட்டருக்கு நேரே இருந்தார். அவருக்கு ஒரு வலியும் இல்லை. மற்ற இருவரும் கதிரையைப் பக்கவாட்டில் போட்டு, கழுத்தை முறுக்கித் திரையைப் பார்த்தார்கள். கதிரையை நேராக்கச் சொன்னாள். இப்படியே இருந்தால் சுபாஷினி இந்தக் கையை வைத்து வேலை செய்ய முடியாது என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

சுபாஷினி கதிரையை அசைக்கவில்லை. நேராக்கினால் முதுகு அந்தோனியாருக்கு. கோயிலில்கூடச் சாமிக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வருகிறவள் அவள். படத்தை முன்சுவருக்கு மாற்றலாம்தான். ஆனால் அது கிளறன்ஸ் அண்ணாவின் படம். வீட்டில் மீன் பொரித்தால் அவளுக்கும் ஒரு துண்டு கட்டிக்கொண்டு வருகிற மனிதரிடம் அதைக் கழற்றச் சொல்ல வாய் வரவில்லை.

பின்னேரம், வெள்ளவத்தைக் கிளைக்கு மாற்றம் கேட்டுக் கடிதம் எழுதினாள். கிளறன்ஸ் கண்டுவிட்டார். எங்களில் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டார். அவள் கொஞ்ச நேரம் மழுப்பிப் பார்த்தாள். அவர் விடவில்லை.

"உங்கட படத்தை எடுக்கச் சொல்ல மனம் வரேல்ல, அண்ணா."

"என்ட படமோ? நீங்கதானே செவ்வாய்க்கிழமையில கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போறனீங்க. உங்கட நேர்த்திப் படமெண்டு நினைச்செல்லோ நானும் இந்தக் கழுத்தைத் திருகிக்கொண்டு இருக்கிறன்."

இரண்டு பேரும் மெல்லக் கதவடிப் பக்கம் திரும்பினார்கள்.

"அது நான் கொழுவின," என்றார் ஹமீட், கணக்கிலிருந்து தலையை எடுக்காமல். "மழைக்கு ஊறிச் சாந்து விழுந்து சுவருல ஓட்டை. அத மறைக்கிற அளவுக்குக் கடையில இருந்தது அந்த ஒரு ஃபிரேம்தான். நீங்க ஃபேன் காத்துக்குத் திரும்பி இருக்கிற என்டுதான் நான் நெனச்ச."

அந்தோனியார் முன்சுவருக்கு வந்தார். கதிரைகள் நேரானதும் அவரைப் பார்த்தபடியே வேலை செய்யலாம் என்றாயிற்று. சுபாஷினி மாற்றக் கடிதத்தைக் கிழித்துப்போட்டு, பின்சுவரைப் பூசித் தரும்படி கட்டடச் சொந்தக்காரருக்கு நாலு வரி எழுதி, உறையை ஒட்டி, ஹமீட் நானாவின் கையிலேயே கொடுத்தனுப்பினாள்.